ஆள் சேரச் சேர மதிப்பு கூடுமாம்!

இந்த ஆண்டு வரிப் பாரம் நிரப்பும் பருவத்தில் மட்டும் என் மேசைக்கு வந்த நான்காவது நோட்டுப் புத்தகம் இது. பணம் கட்டி ஆள் சேர்த்தால் கமிஷன் தருவதாகச் சொல்லும் பிரமிடுத் திட்டக் கணக்கு. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட நோட்டு. கடைசிப் பக்கத்தில் ஒரு வட்டம், அதற்குள் "நான்". கீழே, அந்த 'நான்' சேர்த்துவிட்டவர்களுக்கு ஆறு வட்டங்கள்: நாத்தனார், மருமகள், பக்கத்து லயத்துத் தங்கச்சி, கோயில் பொருளாளர், இன்னும் இரண்டு பேர். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவர் கட்டிய 1,500 வெள்ளி.

கொண்டுவந்தவர் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் சீவிய அக்கா. சேமநிதிப் பணத்தில் 9,000 வெள்ளி போட்டிருக்கிறார். போட்ட பணம் வருமா என்று கேட்க அவர் வரவில்லை. "தம்பி, இந்தக் கமிஷனுக்கு வரி கட்டணுமா?" என்றார். செயலியில் 14,200 என்று காட்டுகிறது. கைக்கு வந்தது 600. கமிஷனுக்கு வரி உண்டுதான் அக்கா, அது கமிஷனாக வந்திருந்தால்.

ஏன் நம்பினீர்கள் என்று கேட்டேன். கூட்டத்தில் கோட்டு போட்ட ஒரு பையன் திரையில் கணக்கு போட்டுக் காட்டினானாம். "வாட்ஸ்அப்பை ஒருத்தர் மட்டும் வெச்சிருந்தா மதிப்பு என்ன? ஒண்ணுமில்ல. ஊரே வெச்சிருந்தா? இதுதான் மெட்கால்ஃப் விதி. நம்ம திட்டமும் அதேதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இந்த இடத்தில்தான். அவன் சொன்னதில் முதல் பாதி உண்மை. 1973இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில், கணினிகளை இணைக்கும் ஈதர்நெட்டை உருவாக்கியவர்களில் ஒருவர் ராபர்ட் மெட்கால்ஃப். வலையில் ஆள் கூடும் வேகத்தைவிட அதன் மதிப்பு வேகமாகக் கூடும் என்பதுதான் அவர் பெயரில் உள்ள விதி. இரண்டு கருவி இருந்தால் ஓர் இணைப்பு, பத்து இருந்தால் 45, நூறு இருந்தால் 4,950. ஆள் பத்து மடங்கானால் இணைப்பு நூறு மடங்குக்கு மேல் போகிறது. அதற்கும் முன்பே, 1908இல், அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டியின் தலைவர் தியோடர் வெய்ல், மறுமுனை இல்லாத தொலைபேசியால் ஒரு பயனும் இல்லை என்று ஆண்டறிக்கையில் எழுதிவிட்டார். தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) மேசைமேல் மட்டும் போன் இருந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நம் மலேசியாவிலேயே பாருங்கள். முன்பு கடைக்காரர் ஒவ்வொரு மின்பணப்பைக்கும் ஒரு கியூஆர் தாள் ஒட்டிவைத்திருந்தார். 2019இல் டூயிட்நவ் கியூஆர் வந்தபிறகு ஒரே தாள், எந்த வங்கியில் கணக்கு உள்ளவரும் ஸ்கேன் செய்யலாம். இன்று காலைச் சந்தையில் வடை சுடும் அம்மாவே எண்ணெய்க் கையோடு அட்டையை நீட்டுகிறார். அந்த அம்மா சேர்ந்ததால் எனக்கு லாபம்: சில்லறை தேடவேண்டியதில்லை. அவருக்கும் லாபம். யார் பையிலிருந்தும் நுழைவுப் பணம் எடுத்து எங்களுக்குத் தரவில்லை.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வாட்ஸ்அப்பில் கூடுவது பயன். அந்தக் கூட்டத்தில் பேசுவது பணம். வாட்ஸ்அப்பில் கடைசியாகச் சேர்ந்தவருக்குத்தான் கொண்டாட்டம், ஏனென்றால் பேச ஆள் ஏற்கெனவே நிறைய. இவர்கள் திட்டத்தில் கடைசியாகச் சேர்ந்தவர் தலையில் துண்டு. நாளைக்கே ஒருவரும் புதிதாகச் சேரவில்லை என்றால் வாட்ஸ்அப் அப்படியே ஓடும், காலை வணக்கப் படங்களும் வந்துகொண்டே இருக்கும். (எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவை நான் ஊமையாக்கி இரண்டு வருடம். ஆள் கூடினால் மதிப்பு கூடியே தீரும் என்பதும் முழு உண்மை இல்லை. இணைப்புகள் எல்லாம் ஒரே மதிப்பு உடையவை அல்ல என்று ஆண்ட்ரூ ஒட்லிஸ்கோ போன்ற கணித அறிஞர்கள் மெட்கால்ஃபை மறுத்திருக்கிறார்கள்.) இவர்கள் கடையோ, ஆள் வருவது நின்ற மாதமே மூடப்படும்.

சரி, ஆளாவது கிடைப்பார்களா? ஒருவர் ஐந்து பேரைச் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். 5, 25, 125, 625 என்று போனால் ஒன்பதாம் படியில் மட்டும் 1,953,125 பேர் வேண்டும். மலேசிய இந்தியர் மொத்தமே ஏறக்குறைய 20 லட்சம்தான், கைக்குழந்தை உட்பட. பதினொன்றாம் படிக்கு இந்த நாடே போதாது.

போதாததற்கு அந்தப் பையன் மலேசிய இந்தியர் காங்கிரஸின் முன்னாள் தலைவர் துன் சம்பந்தனையும் இழுத்திருக்கிறான், அதுவும் அவர் சொந்த ஊரான சுங்கை சிப்புட்டில் நின்றுகொண்டு. "அவரும் பத்துப் பத்து வெள்ளியாத்தானே சேர்த்தார்?" சேர்த்தார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில் பாட்டாளிகளின் பணத்தில் தோட்டம் வாங்கினார். மரமும் மண்ணும் கண்ணுக்குத் தெரிந்தன. பின்னால் சேர்ந்தவர் பணத்தை முன்னால் சேர்ந்தவருக்குப் பங்கு போடவில்லை.

நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையமான எஸ்.எஸ்.எம். பதிவைக் காட்டினால் மயங்காதீர்கள். அது நிறுவனம் இருக்கிறது என்பதற்குச் சான்று, உங்களிடம் வைப்புத்தொகை வாங்குவதற்கான உரிமம் அல்ல. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலைப் பாருங்கள். அதில் பெயர் இல்லை என்பதாலேயே நல்ல நிறுவனம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். விற்கும் பொருளை ஆள் சேர்க்காமல் விற்று லாபம் பார்க்க முடியுமா என்று கேளுங்கள், பேச்சை மாற்றினால் எழுந்து வாருங்கள். இப்போதுதான் பணம் அனுப்பினீர்களா? என்னிடம் வராதீர்கள், முதலில் மோசடிக்கான அவசர எண் 997ஐ அழையுங்கள், உங்கள் வங்கியையும் அழையுங்கள். அப்புறம் போலீஸ் புகார். வெட்கப்பட்டு ஒரு வாரம் தள்ளிப்போட்டால் பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று தேடுவதே பெரும்பாடு.

ஒரு கெஞ்சல்: போட்டதை எடுப்பதற்காக இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவிடாதீர்கள். பிரமிடுத் திட்டத்தை வளர்ப்பது 'நேரடி விற்பனை, பிரமிடுத் திட்டத் தடுப்புச் சட்டம்' என்ற சட்டத்தின்படி குற்றம். "நானும் ஏமாந்தவன்தான்" என்ற பதில் எப்போதும் காப்பாற்றாது.

புகாருக்காக அக்காவின் நோட்டைப் பார்த்து ஆறு பெயரையும் தொகையையும் தட்டச்சு செய்துகொடுத்தேன். நாத்தனார் மூன்று மாதமாகப் பேசுவதில்லையாம். தாளை இரண்டு முறை படித்தார். என் பேனாவை வாங்கி, மருமகள் பெயர்மேல் ஒரு கோடு இழுத்தார்.

"அது நம்ம வீட்டுப் பிள்ளை தம்பி. அந்த 1,500ஐ நானே மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாக் கொடுத்துடறேன்."