துவர் என்னும் ஒரே சொல்

ஒயின் ஊறும் ஓக் பீப்பாய்கள் வரிசையாக அடுக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். ஒன்றுகூட இல்லை. தரையில் கிணற்று வாய் போல ஏழெட்டு வட்டங்கள் மட்டுமே தெரிந்தன. ஒவ்வொரு வட்டத்துக்கும் கீழே, மண்ணில் கழுத்துவரை புதைந்த ஒரு பெரிய மண்தாழி. ஆதிச்சநல்லூர்த் தாழிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வடிவத்தை விளக்க வேண்டியதில்லை. ஜார்ஜிய மொழியில் அதன் பெயர் குவெவ்ரி. அது புதைந்திருக்கும் அறை மரானி.

ஜார்ஜியாவின் கிழக்கே, காக்கசஸ் மலைகளைப் பார்த்தபடி நீளும் அலசானி பள்ளத்தாக்கு. காகெத்தி என்னும் அந்த மாகாணத்தில் அக்டோபர் என்றால் திராட்சை அறுவடை. நான் போயிருந்த வீட்டில் தாத்தா, மகன், பேத்தி என மூன்று தலைமுறையும் கொல்லையில் பழம் மிதித்துக்கொண்டிருந்தது. பழத்தின் பெயர் சபெராவி. ‘சாயம்’ என்று பொருள்.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை உரித்துப் பாருங்கள். தோல் கறுத்திருக்கும், சதை வெளிறிய பச்சையாக இருக்கும். உலகின் பெரும்பாலான கறுப்புத் திராட்சைகள் அப்படித்தான். சாற்றை மட்டும் பிழிந்து நொதிக்கவிட்டால் வெள்ளை ஒயின் கிடைக்கும். சிவப்பு வேண்டுமானால் தோலையும் விதையையும் சாற்றோடு ஊறவிட வேண்டும். சபெராவி சதையிலும் சிவப்பு கொண்ட அபூர்வ வகை. ஆனாலும் அதன் கருஞ்சிவப்பில் பெரும்பங்கு தோலிலிருந்தே வருகிறது.

தாழிக்குள் விழுந்த சாற்றில் ஈஸ்ட் வேலையைத் தொடங்குகிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரையைத் தின்றால் ஒரு சதவீத ஆல்கஹால் சேரும். கூடவே கிளம்பும் கரியமில வாயு தோல்களை மேலே தள்ளிக் கெட்டியான அடையாக்குகிறது. அந்த அடை காய்ந்தால் புளிக்காடி ஆக்கும் பாக்டீரியாக்கள் குடியேறிவிடும். அதனால் நீண்ட கோலால் அதை நாள்தோறும் பலமுறை அமிழ்த்துகிறார்கள். பெரியவர் என் கையிலும் கோலைக் கொடுத்தார். ஈரமணலைக் குத்துவதுபோல் கனத்தது.

தோலில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற சாயம் நீரில் கரையும். முதல் சில நாட்களிலேயே இறங்கிவிடும். வாயைச் சுருக்கும் டானின் என்ற பொருள் தோலிலும் உண்டு, விதையிலும் உண்டு. விதையில் இருப்பது அவ்வளவு எளிதில் வராது. ஆல்கஹால் சேர்ந்து, விதையின் மேற்பூச்சு கரையத் தொடங்கிய பிறகே அது மெல்லக் கசியும். எத்தனை நாள் ஊறவிடுவது என்பதுதான் ஒயினின் குணத்தைத் தீர்மானிக்கிறது. குவெவ்ரியின் கூர்ந்த அடிப்பாகம் இங்கே உதவுகிறது. விதைகள் அங்கே போய்ச் சேரும். அவற்றின் மேல் ஈஸ்ட் வண்டல் போர்வையாகப் படியும். கசப்பு அளவு மீறாது. சுற்றியிருக்கும் மண் சூட்டைத் தணிக்கிறது. இந்த முறையை 2013-இல் யுனெஸ்கோ உலகின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

முந்தைய ஆண்டுத் தாழி ஒன்றைத் திறந்து, நீளக் காம்பு கட்டிய சுரைக்குடுக்கையால் மொண்டு கொடுத்தார்கள். நம் ஊர்ப் பனையேறிகளின் சுரைக்குடுக்கையை நினைத்துக்கொண்டேன்.

முதல் மிடறில் கருநாவல் பழத்தின் வாசமும் புளிப்பும். இரண்டாவதில் ஈறுகள் இறுகின. மூன்றாவதில் நாக்கு மேலண்ணத்தில் உராய்ந்தது. பாக்கு மென்றவருக்கும், இளம் வாழைக்காயைக் கடித்தவருக்கும் இது தெரியும்: துவர்ப்பு.

நம் அறுசுவையில் இடம்பெற்ற துவர்ப்பை, அறிவியல் பெரும்பாலும் தொடு உணர்வாகவே பார்க்கிறது. சுவை மொட்டே இல்லாத மேலுதட்டின் உட்புறத்திலும் அதை உணர முடியும். பாலில்லாத கடுந்தேநீரை அங்கே தடவி நீங்களே சோதிக்கலாம். எச்சிலில் வாயை வழவழப்பாக வைத்திருக்கும் புரதங்கள் உண்டு. டானின் அவற்றைப் பற்றிக்கொண்டு திரட்டிவிடுகிறது. வழவழப்பு போனதும் நாக்கும் கன்னமும் ஒன்றையொன்று உரசுகின்றன. அந்த உரசலுக்குத்தான் நாம் துவர்ப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். மிடறுக்கு மிடறு அது ஏறுவதும் இதனால்தான். புதிய எச்சில் ஊறுவதற்குள் அடுத்த டானின் வந்துவிடுகிறது. ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டவர்கள் பயன்படுத்தியதும் இதே வேதியியலைத்தான். டானின் அங்கே தோலின் புரதத்தைப் பற்றுகிறது, இங்கே எச்சிலின் புரதத்தை.

பேத்தி உப்பிட்ட பாலாடைக்கட்டி ஒரு துண்டு நீட்டினாள். அதை மென்ற பிறகு அதே ஒயின் பட்டுப்போல் இறங்கியது. டானின் பற்றிக்கொள்ளப் பாலின் புரதம் கிடைத்துவிட்டதே! தேநீரில் பால் விடும்போது நாம் அன்றாடம் செய்வதும் இதுதான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆல்கஹால் புற்றுநோயை உண்டாக்கும் பொருள். டானின் உடலுக்கு நல்லது என்று சொல்லி ஒயின் குடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அன்று முழுக்க நான் குடித்தது நாலைந்து மிடறுதான்.

தமிழில் ‘துவர்’ என்றால் வாயைச் சுருக்கும் சுவை. ‘துவர்’ என்றால் சிவப்பும்தான். துவரிதழ், துவராடை என்று பழம்பாடல்கள் சொல்வது அதைத்தான். சிவப்பு ஒயினில் நிறமும் உரசலும் ஒரே தோலுக்குள்ளிருந்து கைகோத்து வருவதை அந்த மரானியில் நின்று எண்ணிப் பார்த்தேன். காலம் போகப்போக இவை உண்மையாகவே கைகோக்கின்றன. ஆந்தோசயனினும் டானினும் பிணைந்து நீண்ட மூலக்கூறுகளாகின்றன. ஊதா கலந்த சிவப்பு செங்கல் நிறத்துக்கு நகர்கிறது. ஒரு பகுதி வண்டலாக அடங்க, துவர்ப்பு மென்மையாகிறது. அவர்கள் கடைசியாகக் கொடுத்த பழைய ஒயினில் அந்த மாற்றம் கண்ணுக்கே தெரிந்தது.

இதே நாட்டின் தெற்கே கடாச்ரிலி கோரா என்னும் மேட்டில் கிடைத்த பானை ஓடுகளில், சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒயினின் தடயத்தை 2017-இல் அறிவித்தார்கள். காட்டிக்கொடுத்தவற்றில் முக்கியமானது டார்டாரிக் அமிலம். பழங்களில் அது இவ்வளவு மிகுதியாக இருப்பது அரிது. திராட்சையில் உண்டு, நம் புளியில் உண்டு.

புறப்படும்போது கை முழுக்கச் சாயம். முற்றத்துக் குழாயில் சோப்புப் போட்டதும் ஊதா நுரை நீலச்சாம்பலாக மாறியது. ஆந்தோசயனின் அமிலத்தில் சிவக்கும், காரத்தில் நீலமாகும். அதைப் பார்த்துச் சிரித்த பேத்தி, எலுமிச்சைத் துண்டு ஒன்றை என் உள்ளங்கையில் பிழிந்தாள். நீலம் மறைந்து மறுபடியும் துவர் நிறம் வந்தது.