எண்ணெய் அடுப்பின் இடத்தில் விறகு

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெய்ன் மாநிலத்தில், ஏறத்தாழ பாதி வீடுகள் குளிர்காலத்தைக் கடப்பது டீசலை ஒத்த எண்ணெயை எரித்துத்தான். வண்டி பழுது பார்க்கவும் மரவேலை செய்யவும் பயன்படும் கராஜ்களில் பலவற்றிலும், அந்த எண்ணெயை எரித்து இடத்தைச் சூடாக்கும் ஃபர்னஸ் என்னும் அடுப்பு உண்டு. அதே மாநிலத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு காடு என்பதால், எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் ஃபர்னஸைக் கழற்றிவிட்டு விறகு அடுப்பு வைத்துவிடலாமே என்ற எண்ணம் எழுகிறது. ஆனால் இந்த மாற்றத்தில் எரிபொருளோடு சேர்ந்து நெருப்பின் குணமே மாறிவிடுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

எண்ணெய் ஃபர்னஸில் ஒரு சிறிய பம்பு எண்ணெயை அழுத்தி, நுண்துளை வழியாக மூடுபனிபோலப் பீய்ச்சுகிறது. விசிறி காற்றைச் சேர்க்க, மின்சாரத் தீப்பொறி பற்றவைக்கிறது. தேவையான வெப்பநிலை வந்ததும் தெர்மோஸ்டாட் பம்பை நிறுத்திவிடும். அந்த நொடியே நெருப்பு அணைந்துவிடும். அதாவது, அது எரியும்போதெல்லாம் முழு வேகத்தில், சரியான காற்றோடு எரிகிறது. விறகை அப்படி நிறுத்த முடியாது. அடுப்பில் வைத்த கட்டை முழுவதும் எரிந்தே தீர வேண்டும்.

கட்டை எரிவது மூன்று கட்டங்களாக நடக்கிறது. முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. பச்சை விறகை நெருப்பில் வைத்தால் வெட்டுமுனையில் நுரை பொங்கி, உஸ்ஸென்று ஓசை எழும்புவதைப் பார்த்திருப்போம். மரத்தின் நீர்க்குழாய்கள் அந்த முனையில் திறந்திருப்பதால் நீரும் ஆவியும் அவ்வழியே வெளியேறுகின்றன. அடுத்து, 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் மரமே சிதைந்து வாயுக்களாகிறது. உலர்ந்த மரத்தின் எடையில் முக்கால் பங்குக்கும் மேல் இப்படி வாயுவாகிவிடும். நாம் சுடர் என்று காண்பது இந்த வாயு எரிவதையே. எஞ்சும் கரி கடைசியில் சுடரின்றிக் கனன்று எரிகிறது.

வாயுக்கள் முழுமையாக எரிய ஏறத்தாழ 600 டிகிரி வெப்பமும் போதிய காற்றும் வேண்டும். பச்சை விறகின் கேடு இங்கேதான் தெரிகிறது. எடையில் பாதி நீராக உள்ள ஒரு கிலோ விறகு தரக்கூடிய வெப்பம் சுமார் 8 மெகாஜூல். 20 விழுக்காடு நீருள்ள விறகில் அது 14 மெகாஜூல். நீரை ஆவியாக்கச் செலவாகும் வெப்பத்தை மட்டும் கணக்கிட்டால் இழப்பு சிறியதே. ஆனால் அந்த நீராவி அடுப்பின் உட்புறத்தைக் குளிர்விப்பதால் வாயுக்கள் எரியாமலே புகையாய் வெளியேறுவதுதான் பேரிழப்பு. ஆகவே பிளந்து, அடுக்கி, மேலே மட்டும் மூடி, குறைந்தது ஒரு கோடையாவது காயவிட்ட விறகையே எரிக்க வேண்டும். ஓக் மரத்துக்கு இரண்டு ஆண்டுகள்கூடத் தேவைப்படும்.

எரியாத புகை புகைபோக்கியின் குளிர்ந்த சுவரில் படும்போது கிரியோசோட் என்னும் கரிய பிசினாகப் படிகிறது. கராஜ் போதிய அளவு சூடாகிவிட்டதே என்று காற்று வழியைக் குறைத்து நெருப்பை மந்தமாக்குபவர், உண்மையில் இந்தப் பிசினை உற்பத்தி செய்துகொண்டிருக்கிறார். அது ஒரு நாள் பற்றிக்கொண்டால் புகைபோக்கிக்குள் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டும்.

இவை எல்லா விறகு அடுப்புகளுக்கும் பொருந்தும். கராஜுக்கென்று தனியாக உள்ள ஆபத்து பெட்ரோல் ஆவி. பெட்ரோல் உறைபனிக் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனமானதால் தரையோடு தவழ்ந்து, சிந்திய இடத்திலிருந்து தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டிவிடும். எண்ணெய் ஃபர்னஸின் பற்றவைப்புப் பகுதியைத் தரையிலிருந்து 45 சென்டிமீட்டராவது உயர்த்தி வைக்கச் சொல்வது இதனால்தான். கதவைத் திறந்து கட்டை போட வேண்டிய, இரவெல்லாம் தணல் கிடக்கும் விறகு அடுப்புக்கு அந்த உயரம் பாதுகாப்பாகாது. அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 211ஆம் எண் விதித்தொகுப்பு, வீட்டு கராஜ்களில் விறகு அடுப்பை அனுமதிப்பதில்லை. 208 லிட்டர் இரும்புப் பீப்பாயை வெட்டி அடுப்பாக்கிக் கராஜில் வைக்கும் பழக்கம் அங்கே பரவலாக இருந்தாலும், அது சரியான வழி என்று என்னால் சொல்ல முடியாது.

நெருப்பை வெளியே வைத்து, வெப்பத்தை மட்டும் உள்ளே கொண்டுவருவதே தக்க வழி. தனிக் கொட்டகையில் விறகு பாய்லரை நிறுவி, அது சூடாக்கும் நீரை, வெப்பம் கசியாதபடி உறையிட்ட குழாய்களில் மண்ணுக்கடியில் கராஜுக்கு அனுப்பலாம். இடையில் ஒரு பெரிய நீர்த்தொட்டியை வைத்தால், நிறுத்த முடியாத நெருப்பின் சிக்கலும் தீர்கிறது. 1,000 லிட்டர் நீர் 80 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஆறும்போது ஏறத்தாழ 46 கிலோவாட் மணி வெப்பத்தைத் தரும். ஃபர்னஸில் 5 லிட்டர் எண்ணெய் எரித்துப் பெறும் வெப்பம் அது. பாய்லரில் சுமார் 15 கிலோ உலர்ந்த விறகை முழுக் காற்றோடு வேகமாக எரித்து அந்த வெப்பத்தைத் தொட்டியில் சேர்த்துவிட்டால், அதன்பின் தெர்மோஸ்டாட் நெருப்புக்குப் பதிலாக நீரோட்டத்தைத் திறந்து மூடும்.

திரும்பி வரும் நீர் மிகவும் ஆறியிருந்தால் பாய்லரின் உட்சுவரிலேயே பிசின் படியும் என்பதால், அதில் சூடான நீரைக் கலந்து 55 டிகிரிக்குக் குறையாமல் காக்கும் வால்வு ஒன்றும் அவசியம். பழைய எண்ணெய் ஃபர்னஸை உடனே கழற்றிவிட வேண்டாம் என்பேன். வீட்டார் ஊருக்குப் போயிருக்கும் வாரத்தில் விறகு போட ஆளிருக்காது. அப்போது கராஜிலுள்ள நீர்க்குழாய்கள் உறைந்து வெடிக்காமல் இருக்க, தெர்மோஸ்டாட்டை 7 டிகிரியில் வைத்து அந்த ஃபர்னஸை விட்டுச் செல்லலாம்.