"ஓடிபி யாருக்கும் சொல்லவே இல்ல தம்பி!"

அறுவடை முடிந்து நெல் பணம் கணக்கில் ஏறத் தொடங்கினால் போதும், மன்னார்குடியில் என் செல்போன் சர்வீஸ் கடைக்கு இந்தக் கேஸ் வந்துவிடும். இப்போது வந்தவர் நீடாமங்கலம் பக்கத்து விவசாயி. கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கு வந்த தொகை மொத்தமும் காலி. போனை மேசையில் வைத்துவிட்டு, ஓடிபி யாருக்கும் சொல்லவே இல்லை என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

சொல்லவில்லைதான். யார் கேட்டார்கள்? வாட்ஸ்அப் குழுவில் பிஎம் கிசான் பெயரில் வந்த ஏபிகே ஃபைலை, அதாவது ப்ளே ஸ்டோர் வழியாக வராமல் நேராக வரும் ஆப்பை, இன்ஸ்டால் செய்து, எஸ்எம்எஸ் படிக்க அது கேட்ட அனுமதிக்கு சரி கொடுத்து, பதிவுக்கு ஒரு ரூபாய் என்று வந்த பக்கத்தில் ஏடிஎம் கார்டு விவரத்தையும் போட்டிருக்கிறார். அதற்குமேல் ஓடிபி வந்தால் அந்த ஆப்பே படித்து திருடனுக்கு அனுப்பிவிடும், உங்கள் வாய் எதற்கு? ஓடிபி சொல்லாதே, சொல்லாதே என்று ஊரெல்லாம் சொல்லி, வாயை மூடிக்கொண்டால் பணம் பத்திரம் என்று ஆகிவிட்டது. கேட்டால், அனுப்பினது மச்சான்தானே என்கிறார்கள். மச்சான் போனிலும் அதே ஆப் இருந்தால், அவருக்கே தெரியாமல் எல்லோருக்கும் போகும்.

ஜிபேயைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, டீக்கடையில் சில்லறைக்கு நிற்க எனக்கும் பிடிக்காது. நெல் பணமும் பயிர்க் காப்பீடும் வரும் கணக்கை யுபிஐயில் சேர்க்காதீர்கள். வேறு சின்னக் கணக்கில் இரண்டாயிரம் மூவாயிரம் போட்டு அதைச் சேருங்கள். பெரிய கணக்கின் கார்டில் ஆன்லைன் பரிவர்த்தனையை நிறுத்தி வையுங்கள், வங்கியில் கேட்டால் செய்து தருவார்கள். வேறு யாரும் அதை வைத்துப் பணம் எடுக்காதபடி ஆதார் கைரேகையைப் பூட்டி வைக்கலாம், ஆனால் ரேஷன் கடைக்குப் போகும்போது திறந்துகொள்ளாவிட்டால் அங்கே விரல் எடுக்காது. அந்தச் சள்ளை வேண்டாம் என்றால், முழு எண் கட்டாயம் இல்லாத இடத்திலாவது முதல் 8 எண்களை மறைத்த ஆதார் ஜெராக்ஸைக் கொடுங்கள்.

அப்புறம், "அம்மாவுக்குக் கஷ்டமா இருக்கு, போன் லாக்கை எடுத்துடுங்க" என்று தயவுசெய்து வராதீர்கள். விரல் வைத்தால் திறக்கிற மாதிரி செய்து தருகிறேன். நடவு நட்டு ரேகை தேய்ந்த விரல் என்றால் நாலு எண் போதும்.

பணம் போனது தெரிந்தால் டேட்டாவை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930, அடுத்து வங்கி. நிறைய பேர் நேராக இங்கே வந்து ஃபார்மட் அடிக்கச் சொல்கிறார்கள். அடித்தால் அந்த ஏபிகேயும் மெசேஜும் அழிந்து, புகாரில் காட்ட ஒன்றும் மிஞ்சாது. கடைக்கு அப்புறம் வரலாம்.