டயருக்குள் ஒரு துண்டு

போன மாதம் உப்புவெளியில் என் சைக்கிள் டயரின் பக்கம் கிழிந்து, ரியூப் கோலிக்குண்டு போலப் பிதுங்கி நின்றது. "புதுசு வாங்க வேண்டாம் தம்பி, உள்ளுக்கு ஒரு துண்டு வச்சா ஓடும்" என்றார் கடைக்கார ஐயா. பழைய டயரில் வெட்டிய துண்டை உள்ளே வைத்துக் காற்றடித்தார். அந்தக் காற்றே துண்டைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டது.

இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடியிலும் இப்படிப் பிதுக்கம் வரும். 3, 4 மில்லிமீற்றர் அகலக் குழாய் அது. பக்கத்து நல்ல பகுதியைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் விரிந்தால் அனியூரிசம் என்பார்கள். பெரியவர்களில் கொழுப்புப் படிவும் சிறுபிள்ளைகளில் இரத்தக்குழாய்ச் சுவரை அழற்சியாக்கும் கவாசாகி நோயும் முக்கிய காரணங்கள்.

வெடித்துவிடுமோ என்றுதான் எல்லாருக்கும் பயம். வெடிப்பது அரிது. தொல்லை, வீக்கத்துக்குள் சுழன்று தேங்கும் இரத்தம். தேங்கினால் உறையும். கட்டி அங்கேயே அடைக்கும், இல்லாவிட்டால் ஒரு துணுக்குக் கழன்று கீழே சின்ன நாடியில் போய்ச் சிக்கும். இரண்டுமே மாரடைப்புத்தான்.

ஆகவே வீக்கத்தின் வாசலை மூடினால் போதும். நாடிக்குள் வைக்கும் சாதாரண ஸ்டென்ட் வெறும் கம்பி வலைக் குழாய், வலையின் கண்களுக்குள்ளால் இரத்தம் போய்வரும். இதற்குச் சவ்வு போர்த்திய ஸ்டென்ட் இருக்கிறது. சவ்வு பெரும்பாலும் பி.டி.எஃப்.இ., ஒட்டாத தாச்சியில் பூசும் அதே டெஃப்லான் இனம். மணிக்கட்டு அல்லது தொடை நாடியால் நூல் போன்ற கம்பியை அனுப்பி, அதன் வழியே பலூனில் சுருட்டிய ஸ்டென்டைக் கொண்டுபோவார்கள். பலூனை ஊதும் அழுத்தம் 10 வளிமண்டலத்துக்கும் மேல், சாதாரண சைக்கிள் டயரைவிட மிகக் கூட. ஊதுவது காற்றால் அல்ல, எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தால். பலூன் கிழிந்து காற்று நாடிக்குள் போனால் கதை வேறு. வீக்கத்தின் இரு பக்கமும் நல்ல சுவரில் ஸ்டென்ட் இறுகப் படிந்தால், வெளியே விடுபட்ட இரத்தம் உறைந்து அடங்கிவிடும். இப்போது அதே உறைதல் நன்மை.

ஆனால் இந்த ஸ்டென்ட் தடிப்பு, வளைந்த நாடியில் லேசில் போகாது. அதன்மேலேயே இரத்தம் உறையக்கூடும் என்பதால் அஸ்பிரினும் குளோபிடோகிரலும் நீண்டகாலம் வேண்டும். இன்னொன்று, டயருக்குக் கிளை இல்லை, நாடிக்கு உண்டு. சவ்வு எது வீக்கம், எது கிளையின் வாய் என்று பார்க்காது, இரண்டையும் மூடும்.

எங்கள் பெரியப்பாவின் அஞ்சியோகிராம் (நாடிகளைக் காட்டும் எக்ஸ்ரே) படத்தில் வீக்கத்தின் நடுவிலிருந்தே பெரிய கிளையொன்று புறப்படுகிறது. அவருக்கு ஸ்டென்ட் வைக்கவில்லை, குளிசைதான்.