இலை உதிர்ந்ததும் ஆள் வரும் பெட்டி

காலையில் பார்த்தபோது பெட்டியின் வட்டத் துளை கறுப்பாக இருந்தது. மதியம் பார்த்தால் துளையையே காணோம். மரப்பட்டைத் துண்டு ஒன்று அதை அடைத்துக்கொண்டிருக்கிறது. உற்றுப் பார்த்தால் அந்தப் பட்டையில் சாய்வாக இரண்டு கோடுகள். அரைக்கண் மூடித் தூங்கும் ஆந்தை.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், வீட்டுக்குப் பின்னால் கூடுப்பெட்டி மாட்டியிருப்பவர்களுக்குக் குளிர்காலத்தில் கிடைக்கும் காட்சி இது. ஆந்தையின் பெயர் கிழக்கத்திய ஸ்க்ரீச் ஆந்தை. உயரம் ஒரு சாண். எடை 120 முதல் 250 கிராம். ஸ்க்ரீச் என்றால் அலறல். யார் வைத்த பெயரோ தெரியவில்லை, குரலுக்கும் பெயருக்கும் பொருத்தமே இல்லை. குதிரைக்குட்டி மெல்லக் கனைப்பதுபோல மேலே தொடங்கி நடுங்கிக்கொண்டே கீழே இறங்கும்.

“போன வருஷம் வந்தது இந்த வருஷமும் வந்துவிட்டது” என்று வீட்டுக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். சரி, எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை. இது வலசை போகும் பறவை அல்ல. கோடையிலும் அதே வட்டாரத்தில்தான் இருந்தது. ஒருவேளை பெட்டிக்குப் பத்தடி தள்ளி இலைகளுக்கு நடுவே, அடிமரத்தோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். இலையுதிர் காலத்தில் அந்தத் திரை கழன்று விழுந்துவிடுகிறது. பகலில் ஆந்தையைக் காக்கை வெல்லும் என்பது நமக்குப் பழைய செய்தி. அங்கே நீல ஜே பறவைகளும், உள்ளங்கையில் அடங்கும் சிக்கடீ என்ற குட்டிப் பறவைகளும் அந்த வேலையைச் செய்கின்றன. ஆந்தையைக் கண்டால் போதும், கூட்டம் கூடிச் சுற்றிச் சுற்றிக் கத்தும். தூக்கம் போவது ஒருபுறம் இருக்கட்டும், அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பருந்து வந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் மொட்டை மரத்தில் உட்காராமல் பொந்துக்குள் போய்விடுகிறது.

அந்தப் பொந்தைத் தானே குடையத் தெரியாது என்பதுதான் சிக்கல். இதன் அலகு சதையைக் கிழிக்க ஏற்றது; மரத்தைக் கொத்த உதவாது. பெரிய மரங்கொத்தி குடைந்து கைவிட்ட பொந்தோ, கிளை முறிந்த இடம் உளுத்து உண்டான குழியோ வேண்டும். குடியிருப்புப் பகுதியில் பட்டுப்போன மரத்தை யாரும் நிற்கவிடுவதில்லை. பெட்டிக்கு மதிப்பு அதனால்தான்.

அடுத்தது குளிர். ஆந்தையின் உடலுக்குள் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ். வெளியே மைனஸ் 10 என்றால் வித்தியாசம் 50 டிகிரி. உடல் சிறுத்தால் எடைக்குப் பரப்பு அதிகம். அதனால் சின்னப் பறவையின் சூடு வேகமாக வெளியேறும். அதைத் தடுப்பது இறகுகளுக்கு இடையே அசையாமல் நிற்கும் காற்று. ஆந்தை உடலை உப்பிக்கொள்ளும்போது அந்தப் போர்வை தடிக்கிறது. பலமான காற்று இறகைக் கலைத்தால் போர்வையில் ஓட்டை. பெட்டிக்குள் காற்று அடிக்காது, பனியும் மழையும் படாது, உட்கார்ந்திருக்கும் ஆந்தையின் சூட்டிலேயே உள்காற்றும் கொஞ்சம் வெதுவெதுப்பாகும். மிச்சமாகும் சூடு மிச்சமாகும் இரை. பனி மூடிய நிலத்தில் எலி பிடிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. வெயில் அடிக்கும் நாளில் துளைவாயில் வந்து முகத்தைக் காட்டியபடி உட்காருவது வேடிக்கை பார்க்க அல்ல, குளிர்காய.

இரை கூடுதலாகக் கிடைத்த இரவில் மிச்சத்தைப் பொந்திலேயே போட்டு வைக்கும். கடும் குளிரில் அது கல்லாக உறைந்துவிடுமே? வட அமெரிக்காவிலேயே வாழும் சா-வெட் என்ற இன்னொரு குட்டி ஆந்தையிடம் இதற்கு ஒரு வழி இருக்கிறது. உறைந்த எலியின் மேல் முட்டைக்கு அடை உட்காருவதுபோல உட்கார்ந்துவிடும். இளகியதும் சாப்பாடு.

பெட்டி செய்வது சுலபம். 20 செ.மீ. சதுர அடித்தளம், அதற்கு மேல் 25 செ.மீ.க்குக் குறையாத உயரத்தில் 7.5 செ.மீ. அகலத் துளை, தரையிலிருந்து 3 மீட்டருக்கு மேல் மாட்ட வேண்டும். ஆந்தை வைக்கோல், குச்சி எதையும் கொண்டுவந்து மெத்தை போடாது. அதனால் மரச்சீவல் ஒரு படுக்கை நாமே போட்டுவிட வேண்டும். பலகை மெலிதாக இருந்தால் பயனில்லை. தடித்த அடிமரத்துப் பொந்து மெல்லச் சூடேறி மெல்லக் குளிரும்; மெல்லிய பெட்டியில் வெளிக்குளிர் உடனே உள்ளே இறங்கிவிடும். அப்புறம், ஆந்தை உள்ளே இருக்கும்போது மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். அதற்கு வேறு பொந்துகளும் தெரியும். தொந்தரவு செய்தால் பட்டப்பகலில் பறந்து போய் மற்ற பறவைகளிடம் மாட்டிக்கொள்ளும்.

ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது என்பதும் சகஜம்தான். சில வருஷம் அணில் இலைகளை இழுத்துவந்து பெட்டியை நிரப்பி வைத்திருக்கும். அந்த வருஷம் ஆந்தைக்கு இடமில்லை.

வருஷா வருஷம் வருவது அதே ஆந்தைதானா? காலில் எண் பொறித்த வளையம் மாட்டியிருந்தால் தவிர அடித்துச் சொல்ல முடியாது. வளையமிட்ட காட்டு ஆந்தைகளில் 14 ஆண்டுகள் தாண்டி வாழ்ந்தவை உண்டு. ஆனால் முதல் வருஷத்திலேயே செத்துப்போகும் குஞ்சுகள் ஏராளம். நல்ல பொந்து காலியானால் அடுத்த ஆந்தை வந்து உட்கார்ந்துவிடும். கீழே நிற்கும் நமக்கு வித்தியாசம் தெரியாது. ஒரே ஒரு துப்பு நிறம். இந்த இனத்தில் சாம்பல், செம்பு என இரு நிறங்கள் உண்டு. ஆணா பெண்ணா, வயது என்ன என்பதற்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை. குஞ்சுப்பருவம் கழிந்து முதன்முதலாக முழுதாய் முளைக்கும் இறகில் வந்த நிறம் சாகும்வரை மாறாது. போன குளிரில் பெட்டியில் இருந்தது சாம்பல், இந்தக் குளிரில் செம்பு என்றால் சந்தேகமே வேண்டாம், ஆள் மாறிவிட்டது.