வார்ப்பசைவு: கை உதறலுக்கு ஒரு தமிழ்ச்சொல்

ஏற்காடு ஏரியில் படகு கிளம்புகிறது. கரையில் நிற்கும் இரண்டு வயதுக் குழந்தை கைகளைத் தோளுயரத்துக்குத் தூக்கிப் படபடவென்று உதறுகிறது. வாய் திறந்துகொள்கிறது, விரல்கள் விரிந்து விறைக்கின்றன. பத்து வினாடியில் எல்லாம் அடங்கிவிடும். அடுத்த படகு வந்தால் அதே அசைவு, அதே வரிசையில். சேலத்து வீடுகளில் "கையை உதறுறான்", "குருவியாட்டம் அடிச்சுக்கிறான்" என்பார்கள். மருத்துவர் சீட்டில் 'மோட்டார் ஸ்டீரியோடைப்பி' என்று இருக்கும்.

அந்தச் சொல் அச்சுக்கூடத்தில் பிறந்தது. கிரேக்கத்தில் 'ஸ்டெரியோஸ்' என்றால் திடமானது, 'டுபோஸ்' என்றால் பதிந்த தடம். 1790களில் பாரிஸ் அச்சர் ஃபிர்மின் தீதோ, கோத்த எழுத்துகளை ஒரே உலோகத் தகடாக வார்த்தெடுக்கும் முறைக்கு 'ஸ்டீரியோடைப்' என்று பெயர் வைத்தார். எத்தனை முறை அடித்தாலும் பக்கம் மாறாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மனநல மருத்துவம் இதை மாறாத அசைவுக்கு எடுத்துக்கொண்டது. ஒரு சமூகத்தைப் பற்றிய முன்முடிவு என்ற பொருள் பின்னால் வந்தது. அதைப் பரப்பியவர் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன், 1922இல்.

தமிழில் 'மீளசைவு' என்று சொல்லலாம். ஆனால் நடுக்கமும் மீண்டும் மீண்டும் வருவதுதான். இங்கே அடையாளம், ஒவ்வொரு முறையும் வடிவம் மாறாமல் வருவது. வெல்ல மண்டி உள்ள ஊரில் அச்சு வெல்லத்தை நினைத்து 'அச்சசைவு' என்று சொல்லத் தோன்றும். காதில் அது 'அச்ச அசைவு' என்று விழுந்து, குழந்தை பயந்து உதறுவதாக ஆகிவிடும். வார்ப்பு + அசைவு = வார்ப்பசைவு. இதில் அந்தக் குழப்பம் இல்லை, தீதோவின் தகடும் உள்ளே இருக்கிறது. பேச்சுக்குக் 'கை உதறல்' போதும்.

குழந்தையின் தாள அசைவுக்குப் பெயர் வைப்பது நமக்குப் புதிதும் அல்ல. பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துச் செங்கீரை, கையூன்றித் தலை நிமிர்த்தி அசைந்தாடுவது; ஒன்பதாம் மாதத்துச் சப்பாணி, கை கொட்டுவது. (சப்பாணிக்கு நடக்க இயலாதவர் என்ற பொருளும் உண்டு, பேச்சில் பார்த்துச் சொல்லவும்.) 1979இல் அமெரிக்க உளவியலாளர் எஸ்தர் தெலன் 20 கைக்குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 47 வகைத் தாள அசைவுகளைப் பதிவு செய்தார். கையும் முழங்காலும் ஊன்றி ஆடுவது தவழ்வதற்குச் சற்று முன் வருவது அவற்றில் ஒன்று.

வார்ப்பசைவு பெரும்பாலும் மூன்று வயதுக்குள் தொடங்கும். மகிழ்ச்சி, சலிப்பு, ஆழ்ந்த விளையாட்டு, பதற்றம் எதிலும் வரும். தூக்கத்தில் வராது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலோ பொம்மையை நீட்டினாலோ நிற்கும். 'டிக்' எனப்படும் திடீர்த் தசைத் துடிப்பு வேறு: பெரும்பாலும் ஐந்து, ஏழு வயதில் தொடங்கி, கண் சிமிட்டல் தோள் குலுக்கலாகி, இடம் மாறிக்கொண்டே இருக்கும். வலிப்பு கூப்பிட்டால் நிற்காது.

கையைப் பிடித்து அமுக்குவதும் அதட்டுவதும் பலிக்காது. பெரியவர்களின் பதற்றமே அடுத்த உதறலுக்குத் தூண்டுகோலாகிவிடும். மருந்துகளால் பெரும் பலன் இல்லை. ஏழெட்டு வயதில், தானே கவனித்துக் கையை வேறு வேலைக்குத் திருப்பும் பயிற்சி ஓரளவு உதவும். கை உதறல் மட்டும் இருந்தால் ஆட்டிசம் என்று முடிவு கட்டக் கூடாது. ஒரு வயதாகியும் பெயருக்குத் திரும்பாதது, ஒன்றரை வயதிலும் விரல் நீட்டிக் காட்டாதது, வந்த பேச்சு போவது ஆகியவை சேர்ந்தால் தாமதிக்காமல் காட்ட வேண்டும். பொருளைப் பிடித்த கை பிடிப்பதை விட்டு, எந்நேரமும் பிசைந்துகொண்டே இருந்தாலும் அப்படியே. ஒரு வயதுக்குள், தூங்கி எழும்போது கும்பிடுவதுபோல் உடல் திடீரென மடங்கி, வரிசையாகப் பல முறை வந்தால் அன்றே மருத்துவமனை. அது கைக்குழந்தை வலிப்பாக இருக்கக்கூடும்.

கை உதறலுக்காக மருத்துவரிடம் போகும்போது கைப்பேசியில் முகமும் கைகளும் ஒன்றாகத் தெரிய அரை நிமிடக் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நிற்கிறதா என்பது அதிலேயே பதிவாகிவிடும். சீட்டு வாங்கும் இடத்தில் "வலிப்பு" என்று சொல்லாதீர்கள், விசாரணை அந்த வழியிலேயே போய்விடும். "கையை உதறுறான், கூப்பிட்டா நிறுத்திடுறான்" என்று பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்.