நாலாயிரம் சொல் கட்டுரை: முதலில் கேள்வி, பிறகு அத்தியாயம்

பிளஸ் டூவுக்கு இணையான ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலரியேட்) டிப்ளமோ படிப்பவர்கள் எழுதியே ஆக வேண்டிய ‘எக்ஸ்டெண்டட் எஸ்ஸே’க்கு உச்சவரம்பு 4,000 சொற்கள். அதைத் தாண்டி எழுதியதைத் தேர்வாளர் படிப்பதில்லை. பின்னணியை விரித்துக்கொண்டே போகும் பிள்ளைக்கு வெட்டுப்படுவது முடிவுரை. மாதக்கணக்கில் தேடிப் படித்ததன் பலன் இருப்பதே அங்கேதான். வரலாற்றுப் பாடத்தில் இக்கட்டுரைகளை மேற்பார்வை செய்துவரும் எனக்கு இது ஒவ்வோர் ஆண்டும் மனதை வருத்துகிறது. அந்தப் பிள்ளைகளிடம் உழைப்புக்கும் மொழித்திறனுக்கும் குறைவே இல்லை.

1876–78 சென்னை மாகாணப் பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். மாணவர்கள் வழக்கமாகக் கொண்டுவரும் திட்டம்: பஞ்சத்தின் காரணங்கள், அரசின் நடவடிக்கைகள், விளைவுகள். இவற்றின் கீழ் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். எதை விடுவது என்றுதான் தெரியாது. அதையே கேள்வியாக்கிப் பாருங்கள்: ‘1877இல் ரிச்சர்ட் டெம்பிள் குறைத்த நிவாரணக் கூலி, பஞ்ச மரணங்களுக்கு எந்த அளவுக்குக் காரணம்?’

நிவாரண வேலையில் நாளெல்லாம் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும், ஓர் அணாவும் போதும் என்றார், பஞ்ச நிவாரணத்தைக் கண்காணிக்க இந்திய அரசு அனுப்பிய அதிகாரியான டெம்பிள். உயிர் தரிக்க அது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். அந்த ஆண்டிலேயே சென்னை அரசு அளவைக் கூட்டியது.

இனி அத்தியாயங்களைத் தேடி அலைய வேண்டாம். கூலி எந்தக் கணக்கில் நிர்ணயிக்கப்பட்டது என்பது முதல் பகுதி. கார்னிஷின் எதிர்ப்பும் அதற்கு அவர் காட்டிய காரணங்களும் அடுத்தது. மூன்றாவதுதான் கட்டுரையின் உயிர்: கூலி மட்டும்தான் கொன்றதா? எகிறிய தானிய விலை, காலரா, மழை திரும்பிய பின் பரவிய மலேரியா ஆகியவற்றுக்கு என்ன பங்கு? தன் வாதத்துக்கு எதிரானதைத் தானே முன்வைத்து எடைபோடும் இந்தப் பகுதியைப் பலர் ஒரே பத்தியில் முடித்துவிடுகிறார்கள். ஆயிரம் சொற்களாவது இதற்கு ஒதுக்குங்கள். முன்னுரைக்கு நானூறு தாராளம். பக்கிங்காம் கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி இந்தப் பஞ்சத்தின் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது என்பது சென்னைப் பிள்ளைகளைச் சிலிர்க்க வைக்கும் செய்தி. ஆனாலும் கேள்விக்கு உதவாவிட்டால் அதற்கு ஒரு வரிக்கு மேல் இடமில்லை.

ஆதாரங்களை மதிப்பிடத் தனி அத்தியாயமும் வேண்டாம். வில்லியம் டிக்பி 1878இல் வெளியிட்ட பஞ்ச வரலாற்றை மேற்கோள் காட்டுகிறீர்களா? அவர் சென்னையில் பத்திரிகை ஆசிரியர். நிவாரண நிதிக் குழுவின் செயலாளராகவும் இருந்தவர். களத்தை அருகிலிருந்து கண்டவர் என்பது பலம். நிவாரணத்தில் தாமே பங்குகொண்டவர் என்பதால் எச்சரிக்கையும் தேவை. இரண்டையும் அந்த மேற்கோளுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

வரைவு முடிந்ததும் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் தனித்தாளில் எழுதி வரிசையாகப் படியுங்கள். வாதம் எங்கே அறுகிறது என்று உடனே தெரிந்துவிடும். சம்பவங்கள் மட்டுமே அடுத்தடுத்து வந்தால், நீங்கள் கதை சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றைப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மேற்பார்வையாளர் ஒரே ஒரு முழு வரைவுக்குத்தான் கருத்துச் சொல்லலாம். வரி வரியாகத் திருத்தித் தரக் கூடாது. அந்த ஒரு வாய்ப்பை அத்தியாயங்களை இடம் மாற்றுவதிலேயே செலவழித்துவிட்டால், வாதத்தைக் கூர்மைப்படுத்த வேறு வாய்ப்பு கிடைக்காது. வரைவில் கை வைக்கும் முன்பே, கேள்வியும் அத்தியாயத் தலைப்புகளும் சொல் ஒதுக்கீடும் கொண்ட ஒரு பக்கத்தை ஆசிரியரிடம் காட்டிப் பேசிவிடுங்கள். அதற்கு விதிகளில் தடை இல்லை.